சிலுவைக்காரர் வீட்டுச் செருப்பு

அந்தச் சபையில் முப்பது வருஷமாக அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர் யாரும் கிடையாது. கடைசி வரிசை, குடை வைக்கிற மூலைக்குப் பக்கத்து நாற்காலி, அதில் ஓர் ஆள். அவ்வளவுதான். சபையில் பாதிப் பேருடைய செருப்பைத் தைத்துக் கொடுத்தவர் அவர். ஆனால் செருப்பை வாங்கிக்கொள்கிறவர்கள் தையலைப் பார்ப்பார்களே தவிர, தைத்தவனுடைய மூஞ்சியை யார் பார்க்கிறார்கள்? ஆராதனை முடிந்து வாசலில் நிற்கிற போதகர்கூட இவர் கையைக் குலுக்கிக்கொண்டே, பின்னால் வருகிறவரைப் பார்த்துத்தான் சிரிப்பார்.

அப்புறம் ஒரு நாள் இவருடைய மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டாள். நம் ஆளுக்கு யோகம் அடித்தது.

இப்படிச் சொல்வது பாவம்தான். இருக்கட்டும், நடந்ததைத்தானே சொல்ல முடியும். ஆஸ்பத்திரியில் காலுக்குள் கம்பி வைத்துத் தைத்து அனுப்பிய மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை, ஆலய வாசற்படியில் சக்கர நாற்காலி ஏறவில்லை. வேறு வழியில்லாமல் மனைவியை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். மொத்தம் பதினோரு அடி தூரம். பாட்டு பாதியில் நின்றது. முன்வரிசைப் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். போதகர் மேடையைவிட்டு இறங்கி வந்து, "அன்புன்னா இதுதான். சிலுவைன்னா இதுதான்" என்று மைக்கில் சொன்னார். அந்தப் பதினோரு அடிக்குப் பிறகு இவர் சிலுவைக்காரர் ஆகிவிட்டார். பாட்டுக் குழு வாலிபர்கள் கிண்டலாக ஆரம்பித்து வைத்த பேர் என்று ஒரு பேச்சு உண்டு. எப்படியோ, ஒட்டிக்கொண்டது.

அதன்பிறகு மனைவியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய், மாதம் ஒரு முறை சபைக்கு முன்னால் எழுந்து, ஆண்டவர் தன்னை நடத்துகிற விதத்தைச் சாட்சியாகச் சொன்னார். அப்புறம் வாரம் ஒரு முறை. டாக்டர் சொன்னது என்னவோ, "மூணு மாசத்துல நடக்கப் பழகணும், சும்மா படுத்தே கிடக்கக் கூடாது" என்பதுதான். அது சபைக்குப் போகிற வழியில் "டாக்டர்களே கையை விரிச்சுட்டாங்க" என்று மாறிவிட்டது. வெள்ளிக்கிழமை தோறும் உபவாசம் இருந்தார். அது சபையில் இருக்கிறவர்களுக்கு மட்டுமல்ல, கடைக்கு வருகிற அத்தனை பேருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஒரு கசங்கிய சட்டை தனியாக வைத்திருந்தார். அதில் இரண்டாவது பட்டன் இருக்காது. கொழுந்தி பார்த்துவிட்டுப் பரிதாபப்பட்டு ஒரு பட்டனைத் தைத்து வைத்தாள். இவர் சனிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து அதைக் கத்தரித்துப் போட்டார்.

இந்தக் கொழுந்தியைப் பற்றிச் சாட்சியில் ஒரு வார்த்தை வந்ததில்லை. மனைவியின் தங்கை. இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள், துணி தேய்க்கிற கடையில் வேலை. காலையில் வேலைக்குப் போகுமுன் வருவாள், சாயங்காலம் வேலை முடிந்து வருவாள். பெட்பேன் எடுப்பது, உடம்பு துடைப்பது, விரிப்பு மாற்றுவது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது எல்லாம் அவள்தான். பெட்பேன் எடுக்கிற நேரம் பார்த்துச் சிலுவைக்காரருக்கு ஜெபிக்க வேண்டியிருக்கும். இறுக்கமாகக் கண்ணை மூடிக்கொள்வார், மூக்கையும் சேர்த்து.

சாட்சிக்கு ஒரு பொருள் வேண்டும் என்று அவருக்கே தோன்றியது. மெத்தென்ற தோலில், தன் கையால், மனைவிக்கு ஒரு ஜோடி செருப்பு தைத்தார். அருமையான வேலை, அதைக் குறை சொல்ல முடியாது. ஞாயிறு தோறும் அதை ஒரு துணிப்பையில் எடுத்துப்போய்ச் சபைக்கு முன்னால் தூக்கிக் காட்டுவார். "இந்தச் செருப்பைப் போட்டு ஒரு நாள் அவ நடப்பா. அதுவரைக்கும் அவளுக்கு நான்தான் காலு" என்பார். "காலு" என்கிற இடத்தில் தொண்டை அடைக்கும். முதல் இரண்டு வாரம் அது தானாக அடைத்தது. பிறகு பழகிவிட்டது.

எட்டாவது மாதம் போதகர் கடைக்கே வந்துவிட்டார். செருப்பு தைக்க அல்ல. வரும் ஞாயிற்றுக்கிழமை சிறப்பு ஆராதனையில் இவரைச் சபை மூப்பராக்கப் போகிறார்கள். முன்வரிசையில் நிரந்தர நாற்காலி. அன்று அரை மணி நேரம் இவர்தான் பேச வேண்டும். தலைப்பு, "அன்பின் பாடுகள்". முப்பது வருஷம் குடை மூலையில் உட்கார்ந்தவனுக்கு இதைக் கேட்டு எப்படி இருந்திருக்கும்? போதகர் போன பிறகு, கையில் இருந்த செருப்பில் ஏற்கெனவே போட்ட தையல் மேலேயே இரண்டாவது தடவை தைத்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலையில் மனைவியின் செருப்பைப் பளபளவென்று ஆக்கலாம் என்று கடைக்கு எடுத்துக்கொண்டு போனார். எப்போதும் மேல்தோலை மட்டும்தான் துடைப்பார், சபைக்குத் தெரிவது அதுதானே. அன்றைக்கு மூப்பர் பதவிக்கு மரியாதையாக அடிப்பக்கத்தையும் துடைப்போம் என்று திருப்பினார்.

அடித்தோல் தேய்ந்திருந்தது.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். இடது குதிகாலின் வெளிப்பக்கம் நல்ல தேய்மானம். வலது செருப்பின் நுனி உள்பக்கமாக, தரையில் இழுபட்டு, நூல் தெரிகிற அளவுக்குப் போயிருந்தது. நாற்பது வருஷம் ஊரார் நடையைச் செருப்பின் அடியில் படித்த மனுஷன் அவர். முதலாளி நடை, குடிகாரன் நடை, கர்ப்பிணி நடை எல்லாம் தெரியும். இது தெருவில் நடந்த செருப்பு அல்ல, கல் குத்தின வடு ஒன்றுகூட இல்லை. சிமெண்ட் தரையில், வீட்டுக்குள்ளேயே, ஒரு மூன்று மாதம் நடந்திருக்கிறது. வலது காலை இழுத்து இழுத்து நடந்திருக்கிறது.

கொழுந்தி போட்டுக்கொண்டு திரிகிறாளோ என்று முதலில் ஆத்திரம் வந்தது. ஆனால் கொழுந்திக்குச் செருப்பு தைத்ததும் இவர்தான். அவள் பாதம் அகலம், இதற்குள் பாதிகூட நுழையாது. அப்படியானால் அந்த வீட்டில் இன்னும் ஒரே ஒரு ஜோடிக் கால்தான் பாக்கி.

கடையை அப்படியே போட்டுவிட்டு, செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு, பட்டப்பகலில் வீட்டுக்கு நடந்தார். எட்டு மாதத்தில் கடை திறந்திருக்கிற நாளில் பகல் வேளையில் அவர் வீட்டுக்குப் போனது அதுதான் முதல் தடவை. வாசலில் நின்றபோதே உள்ளே சத்தம் கேட்டது. ஒரு மிதி, ஓர் இழுப்பு. ஒரு மிதி, ஓர் இழுப்பு. கதவைத் தள்ளினார்.

மனைவி அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். வெறுங்காலோடு, ஒரு கையால் அலமாரியைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் தேநீர் வடிகட்டிக்கொண்டிருந்தாள்.

எட்டு மாதமாக எதற்காக உபவாசம் இருந்தாரோ அது கண்ணெதிரே நிற்கிறது. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டாமா? முழங்கால் போட்டு ஸ்தோத்திரம் சொல்ல வேண்டாமா? சிலுவைக்காரருக்கோ, 'ஐயோ, நாளைக்கு என்ன பேசுவேன்' என்பதுதான் மனசில் முதலில் வந்தது. இரண்டாவதாக, எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்துவிடப் போகிறார்களே என்று திரும்பிக் கதவைச் சாத்தினார்.

அவர் கதவைச் சாத்தியதை மனைவி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"செருப்பை எடுத்துட்டுப் போயிட்டீங்க," என்றாள். "வெறுங்கால்ல வழுக்குது. அதான் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்."

"எத்தனை நாளா?" என்று கேட்டார்.

"மூணு மாசமா. டாக்டர் வெறுங்கால்ல நடக்கக் கூடாதுன்னாரு. வேற செருப்பு வாங்கினா நீங்க கேப்பீங்க. இருக்கறதையே போட்டுக்கிட்டேன். ஞாயித்துக்கிழமைக்குத் துடைச்சு வெச்சிருவேன்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொல்லத்தான் காத்துக்கிட்டிருந்தேன். முதமுதல்ல தனியா பத்தடி நடந்த அன்னைக்கு ஞாயித்துக்கிழமை. நீங்க கோயில்லருந்து வந்ததும் நடந்து காட்டணும்னு கட்டில்ல உக்காந்திருந்தேன். நீங்க வந்தீங்க. பாஸ்டர் உங்க கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டாருன்னு சொன்னீங்க. அந்த வக்கீலம்மா எழுந்து உங்களுக்கு உக்கார இடம் கொடுத்தாங்கன்னு சொன்னீங்க. உங்க மூஞ்சி அப்படி நான் பாத்ததே இல்லைங்க. நம்ம கல்யாணத்தன்னைக்குக்கூட அப்படி இல்லை." தேநீரைக் கீழே வைத்தாள். "அப்பறம் எப்படி எந்திரிக்கிறது? படுத்துக்கிட்டேன்."

"மூணு மாசமாவா?"

"நீங்க கடைக்குப் போனதும் எந்திரிப்பேன். நீங்க வர்ற நேரத்துக்குப் படுத்துக்குவேன். அவசரம்னா நீங்க குறட்டை விட்டதுக்கப்பறம் போயிட்டு வருவேன். ஞாயித்துக்கிழமைதான் கஷ்டம். சாட்சி கேட்டவங்க யாராவது பழம் வாங்கிட்டுப் பாக்க வருவாங்க, நாள் பூரா மல்லாந்தே கிடக்கணும். இடுப்புக்கு மேல புண்ணு வந்திருச்சு. தங்கச்சிதான் மருந்து போடறா."

சிலுவைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அந்த இழுப்பு?" என்றார்.

அவள் அடுப்படியைத் துடைத்தாள்.

"வெளிய நடந்திருக்கணுமாம். படி ஏறி இறங்கியிருக்கணுமாம். வீட்டுக்குள்ளயே சுத்தினா காலு அவ்வளவுதான் வரும்னாரு டாக்டரு. இனிமே இது போகாதாம்." பிறகு, ஆறுதல் சொல்கிறவள் மாதிரி, "வலியெல்லாம் இல்லைங்க," என்றாள்.

நாளைக்கு அரை மணி நேரம் அன்பின் பாடுகளைப் பற்றிப் பேசப் போகிற மனிதர் துணிப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். அவளே பேசினாள்.

"நாளைக்குப் போயிட்டு வாங்க. மூப்பர் ஆனதுக்கப்பறம் ஒரு மாசம் போகட்டும். நான் கொஞ்சம் கொஞ்சமா எந்திரிச்சு நடக்கற மாதிரி நடந்துக்கறேன். யாருக்கும் எதுவும் தெரியாது."

கேட்கவே கூசுகிற யோசனை. அதை ஒரு நிமிஷம் முழுசாக அவர் பரிசீலித்தார் என்பதை மறைத்து என்ன ஆகப் போகிறது? ஒரு மாதம் போதுமா, இரண்டு மாதம் கேட்கலாமா என்பது வரைக்கும் போய்விட்டார். அதற்குள் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் மருந்துப் பையோடு கொழுந்தி வந்து சேர்ந்தாள். நிற்கிற அக்காளையும் உட்கார்ந்திருக்கிற அத்தானையும் பார்த்தாள். எல்லாம் புரிந்துபோயிற்று.

"அத்தான்," என்றாள், "ஆண்டவர் சிலுவை சுமந்து போன வழியில ஒரு ஆளு அதை வாங்கிச் சுமந்து கொடுத்தாரு. அந்த ஆளு அதுக்கப்பறம் வாராவாரம் எழுந்து சாட்சி சொன்னதா நான் கேள்விப்பட்டதில்லை."

"விடுடி," என்றாள் அக்கா.

"நான் ஏன் விடணும். சிலுவையில தொங்கினவரு, கீழ எத்தனை பேரு அழறாங்கன்னு எண்ணிக்கிட்டா இருந்தாரு? அத்தான் எண்ணுவாரு. போன வாரம் பதினாலு பேருன்னு உன்கிட்டதானே வந்து சொன்னாரு."

உண்மையில் அது பதினாறு. ஆனால் அதைத் திருத்துகிற தைரியம் அவருக்கு அப்போது இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இருந்ததிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். பட்டன்கள் எல்லாம் இருந்தன. மனைவி கட்டிலில் படுத்துக்கொண்டு, "பயப்படாமப் பேசுங்க," என்றாள். என்ன பேசப் போகிறோம் என்று வழியெல்லாம் அவருக்கே தெரியாது. முன்வரிசையில் அந்த நாற்காலியைப் பார்த்தார். மெத்தை போட்டது, கைப்பிடி உள்ளது. அதைப் பார்த்ததும், பொய்யையே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. பிறகு பையிலிருந்து செருப்பை எடுத்தார். வழக்கம்போல அடிப்பக்கத்தை உள்ளங்கையில் மறைத்துப் பிடித்தபோது, இழுபட்டுப் பிய்ந்த அந்த நூல் விரலில் பட்டது.

மைக்குக்கு முன்னால் நின்று செருப்பைக் கவிழ்த்துக் காட்டினார்.

"இதைப் பாருங்க," என்றார். "இந்தச் செருப்பு தேஞ்சிருக்கு."

முன்வரிசையில் ஒரு பெண்மணி, "போடாத செருப்பு தேஞ்சிருக்கா?" என்றாள். பின்னால் யாரோ அல்லேலூயா என்றார்கள்.

"போடாத செருப்பு இல்லம்மா. அவ போட்டு நடந்திருக்கா. மூணு மாசமா நடக்கறா."

இப்போது பத்துப் பேர் அல்லேலூயா என்றார்கள். போதகர் இரண்டு கைகளையும் உயர்த்தி, "அற்புதம், அற்புதம்" என்றார். நம் ஆள் பதறிப்போனார்.

"ஐயா, அற்புதம் இல்லை. டாக்டர் அப்பவே சொன்னாரு நடப்பான்னு. கையை விரிச்சாங்கன்னு நான் சொன்னது பொய். நான்தான் அவளுக்குக் காலுன்னதும் பொய். ஒரு நாள்கூட நான் பெட்பேன் எடுத்ததில்லை. அவ தங்கச்சிதான் எடுத்தா, நான் கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன். நீங்க என்னை மதிக்கிறீங்கன்னு, என் சந்தோஷம் கெட்டுடக் கூடாதுன்னு, நடக்க முடிஞ்சவ படுத்தே கிடந்தா. அதுல அவ காலு கெட்டுப்போச்சு. முதுகு புண்ணாப்போச்சு. இந்த வீட்டுல யாராவது சிலுவை சுமந்தாங்கன்னா அது நான் இல்லை. என் சிலுவையே அவ எனக்குப் போட்ட பிச்சை."

அந்த முதல் இரண்டு வாரத்துக்குப் பிறகு மறுபடியும் அந்த மேடையில் அவர் தொண்டை தானாக அடைத்தது. போயும் போயும் இன்றைக்குத்தானா அடைக்க வேண்டும்? மொத்தச் சபையும் அழுதுவிட்டது. "எவ்வளவு தாழ்மை," என்றார் வக்கீலம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "தான் செஞ்சதை எல்லாம் மத்தவங்க செஞ்சதா சொல்றாரு பாருங்க," என்றார் பக்கத்திலிருந்தவர். போதகர் வந்து அவரை மார்போடு அணைத்து, தன்னைத்தானே வெறுமையாக்குகிற இப்படிப்பட்ட மூப்பர் நமக்குக் கிடைத்தது ஆண்டவர் சித்தம் என்று அறிவித்து, தலையில் கைவைத்து ஜெபித்தும் விட்டார். அடித்துப் பிடித்துக்கொண்டு இறங்கலாம் என்று பார்த்தால் இறங்கவிடவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்ட மனுஷனை மெத்தை நாற்காலியில் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள்.

அதோடு விட்டார்களா? சபைப் பொருளாளர் செருப்பைப் பக்குவமாக ஒரு வெள்ளைத் துணியில் சுற்றினார். கண்ணாடிப் பெட்டி ஒன்று செய்து வாசலில் வைக்க வேண்டுமாம், வருகிறவர்கள் பார்த்து விசுவாசத்தில் வளருவார்களாம். மூப்பர் நாற்காலியிலிருந்து எழுந்துபோய்த் துணியின் மறுமுனையைப் பிடித்தார்.

"கொடுங்க. அவளுக்குப் போட்டுக்க வேற செருப்பு கிடையாது."

"மூப்பரே, வேற ஒரு ஜோடி தைச்சுக் கொடுத்துடலாமே."

"அதுவரைக்கும் வழுக்கி விழுந்தா நீங்க தூக்குவீங்களா?"

பொருளாளர் இழுத்தார், இவரும் இழுத்தார். ஆராதனை நடுவில் மூப்பரும் பொருளாளரும் செருப்புக்குச் சண்டை போட்டது அந்தச் சபை சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை. செருப்பு தைக்கிறவன் கைப்பிடி உரமானது. வெள்ளைத் துணி பொருளாளரிடமும், செருப்பு இவரிடமும் தங்கின. வக்கீலம்மா இதைப் பற்றி மட்டும் கருத்து எதுவும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தார். மனைவி கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தாள், பழத்தோடு யாராவது வருவார்கள் என்று. கொழுந்தி வெந்நீரும் மருந்தும் துணியும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"எந்திரி," என்றார் அவர். "எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

மனைவி எழுந்து உட்கார்ந்தாள். முகம் சுண்டிப்போனது. "மூப்பர் போச்சா?" என்று கேட்டாள்.

"இல்லை. ஆக்கிட்டாங்க."

கொழுந்தி தலையில் அடித்துக்கொண்டாள். மனைவி முதலில் நம்பவில்லை, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். புண் வலிக்கிறது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவர் செருப்பை அவள் காலடியில் வைத்துவிட்டு, கொழுந்தியின் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டார்.

"என்ன அத்தான், ஜெபிக்கிற நேரமாச்சே."

"எப்படித் துடைக்கணும்னு சொல்லு."

"ஓரத்துலருந்து. நடுவுல அழுத்தாம."

அவள் போய் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டுவிட்டு வந்தாள். "நல்லாத் துடைங்க. யாரும் பாக்கமாட்டாங்க," என்றாள்.

மனைவி குப்புறப் படுத்துக்கொண்டாள். உள்ளங்கை அகலத்துக்குப் புண் இருந்தது. மூன்று மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் கொஞ்சம் கொஞ்சமாக வந்த புண். அதன் வாடை முகத்தில் அடித்தது. அவர் கண்ணை மூடவில்லை. வெந்நீரில் துணியை முக்கிப் பிழிந்து ஓரத்திலிருந்து துடைக்க ஆரம்பித்தார். அழுகை வந்தது, அழுதார். இரண்டாவது தடவை துணியை முக்கும்போது, 'அன்பான சகோதர சகோதரிகளே, அந்தப் புண்ணை என் கையாலேயே நான் துடைத்தபோது' என்று உள்ளுக்குள் ஒரு குரல் சுருதி சேர்த்து ஆரம்பித்தது. தன் குரல்தான். நல்ல ஏற்ற இறக்கத்தோடு, எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது வரைக்கும் தயாராக வந்தது.

"என்ன முணுமுணுக்கிறீங்க?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்லை. தண்ணி சூடா இருக்கான்னு பாத்தேன்."

பல்லைக் கடித்துக்கொண்டு அந்த வாக்கியத்தை விழுங்கினார். முப்பத்தைந்து வெள்ளிக்கிழமை பட்டினி கிடந்ததெல்லாம் இதற்குப் பக்கத்தில் வராது.

"இன்னும் கொஞ்சம் கீழ," என்றாள் அவள்.

அவர் துணியைக் கீழே இறக்கினார்.